வெள்ளிக்காரி காய்க்கும்வரை

என் தையல் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் நெவென்காவின் தோட்டம். நான் எட்டிப் பார்க்கிறேன் என்று ஊரில் சொல்வார்கள். எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஊசியில் நூல் கோக்கத் தலையைத் தூக்கினாலே எல்லாம் தெரியும்.

லோவ்ரோ அவளைப் பெண் கேட்டு வந்ததையும் அப்படித்தான் பார்த்தேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே எடுக்கிற அந்தப் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் காப்பித்தூள் பொட்டலம், இன்னொரு கையில் சாக்லேட் டப்பா என்று வந்து நின்றான். முப்பத்தைந்து வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவன். கல்யாணம் ஆகாதவன். ஏன் ஆகவில்லை என்று கேட்டால், "எப்பவும் டூட்டி" என்பான். நானும் அவனும் எங்கள் லோக்வே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அப்போதும் கணக்கை எல்லாருக்கும் கடைசியாகப் போட்டு முடிப்பான், ஆனால் சரியாக இருக்கும்.

நெவென்கா பள்ளிக்கூடச் சமையல்காரி. கப்பலில் வேலை பார்த்த புருஷன் மாத்தே செத்து எட்டு வருஷம். அன்றைக்கு விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில், பாதி நிழல் விழுகிற பாத்தியில் குனிந்து விதை போட்டுக்கொண்டிருந்தாள். லோவ்ரோ வேலிக்கு வெளியிலேயே நின்று பேச ஆரம்பித்துவிட்டான். உள்ளே வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். அதற்குள் தைரியம் ஆறிவிடும் என்று பயம்போல.

"நெவென்கா, உங்க பம்பை மூணு தடவை ரிப்பேர் பண்ணிட்டேன்."

"ஆமா. நன்றி சொன்னேனே."

"மூணாவது தடவை அது கெட்டுப்போகவே இல்ல. சும்மாதான் வந்தேன்."

"தெரியும். நீங்க வந்தப்போ அதுல தண்ணி வந்துட்டுதான் இருந்துச்சு."

அப்புறம் அவன் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னான். நான் மிஷினை நிறுத்திவிட்டேன். இருந்தும் கேட்கவில்லை. நெவென்கா நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, கொஞ்ச நேரம் ஏரிப்பக்கம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த விதைப் பொட்டலத்தைக் காட்டினாள்.

"இது வெள்ளிக்காரி. இப்பத்தான் போடறேன். இது காய்ச்சு, காஞ்சு, வெள்ளி தெரியட்டும். அன்னிக்குப் பதில் சொல்றேன்."

லோவ்ரோவின் முகம் மலர்ந்தது. காப்பித்தூளை வேலிக் கம்பத்தின்மேல் வைத்தான். சாக்லேட் டப்பாவை மறந்து கையோடு எடுத்துக்கொண்டு, நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"தோன்கா, வெள்ளிக்காரின்னா என்ன செடி?"

"தட்டை தட்டையா காய்க்குமே. காஞ்சதும் மேல்தோலைத் தேய்ச்சு எடுத்தா உள்ள வெள்ளிக் காசு மாதிரி மினுக்கும். குளிர்காலத்துல ஜாடியில வெச்சிருப்பாங்க."

"அதேதான். எப்பக் காய்க்கும்? ஆகஸ்டா, செப்டம்பரா?"

"செப்டம்பர்."

"அஞ்சே மாசம்," என்று டப்பாவைத் திறந்து ஒரு சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டான்.

"அடுத்த வருஷம் செப்டம்பர்டா."

மெல்லுவதை நிறுத்தினான்.

"முத வருஷம் இலை மட்டும்தான் விடும். குளிரைத் தாங்கி, அடுத்த வசந்தத்துல பூக்கும். அப்புறம்தான் காய்."

"ரெண்டு வருஷமா?" என்றான். "வண்டி இவ்வளவு லேட்டானா ஜனங்க கல்லெடுத்து அடிச்சிருப்பாங்க."

"உன்னைத்தான் இப்ப பிளாட்பாரத்துல நிக்க வெச்சிருக்கா. பேசாம நில்லு."

நின்றான். அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கோடை முழுக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தான். முளைத்தவற்றைக் கலைத்து, ஒரு சாணுக்கு ஒன்று என்று பதினெட்டுச் செடிகளை நெவென்கா நிறுத்தியிருந்தாள். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது இவன் பொறுப்பாகிவிட்டது. மழை பெய்த மறுநாளும் ஊற்ற வந்தான். நத்தைகள் இலையைத் தின்ன ஆரம்பித்ததும், கிண்ணத்தில் பீர் ஊற்றி மண்ணில் புதைத்து வைத்தால் அவை வந்து விழும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பாட்டில் வாங்கி வந்தான். நத்தைகளுக்கு அரைப் பாட்டில் போனது.

"நத்தைக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்றாள் நெவென்கா.

"போதுமான அளவு."

"மிச்சம் எந்த நத்தைக்கு?"

ஸ்டேஷன் பக்கத்து மதுக்கடையில் அவன் நிலைமை இன்னும் மோசம். உள்ளே நுழைந்தாலே யாராவது ஒருவர், "லோவ்ரோ, சிக்னல் விழுந்துச்சா?" என்பார். இன்னொருவர், "செடி பச்சையாத்தான் இருக்கு, ரெண்டு வருஷமும் பச்சையா நிக்குமாம்" என்பார். இவன் ஒரு டம்ளர் வைனைக் குடித்துவிட்டு, "எஞ்சின் சூடாதான் இருக்கு" என்று எழுந்து வருவான். அந்தப் பதிலை யோசிக்க அவனுக்கு மூன்று வாரம் ஆனது என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

குளிர்காலம் வந்தது. எங்கள் பக்கம் பனி இடுப்பளவுக்கு விழும். செடிகள்மேல் ஊசியிலைக் கிளைகளைப் பரப்பிப் போர்த்திவிட்டுப் போனான். பிப்ரவரி வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. மார்ச்சில் ரியேகா நகரத்தில் இருக்கும் நெவென்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. நெவென்கா ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். வீட்டுச் சாவியை லோவ்ரோ கையில் கொடுத்தாள்.

"கோழிங்களுக்குத் தீனி போடுங்க. தோட்டத்தைப் பாத்துக்குங்க. வேற எதையும் ரிப்பேர் பண்ணாதீங்க."

அவள் போன மூன்றாம் நாள், பருவம் தப்பிய பனி ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டியது. ஈரமான, கனத்த பனி. விறகுக் கொட்டகையின் கூரை பழையது. அது உட்கார்ந்துவிடுமோ என்று பயந்து, லோவ்ரோ ஏணி வைத்து ஏறி, கூரைப்பனி முழுவதையும் வாரித் தள்ளினான். கூரை தப்பித்தது. பனி எங்கே விழுந்தது என்று அவன் கீழே பார்த்தபோது வேலை முடிந்திருந்தது. நான் அன்றைக்குப் பல் டாக்டரிடம் போயிருந்தேன். வீட்டில் இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

வானத்திலிருந்து விழுகிற பனி செடிக்கு ஒரு கம்பளி. கூரையிலிருந்து விழுந்தது அப்படியில்லை. கல்லாக இறுகி, ஏப்ரல் பாதி வரை கரையாமல் பாத்தியின்மேல் குந்தியிருந்தது. கடைசியில் கரைந்தபோது அடியில் தண்ணீர் தேங்கி, பதினெட்டில் பதினேழு செடிகள் வேகவைத்த கீரை மாதிரி ஆகிவிட்டன. மூலையில் பிளம் மரத்தடியில் இருந்த ஒன்று மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டது.

நெவென்கா திரும்பி வர ஆறு நாள் இருந்தது. லோவ்ரோ என் வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான்.

"பூராத்தையும் கொன்னுட்டேன், தோன்கா."

முதலில் கோழிகளைச் சொல்கிறான் என்று நினைத்தேன். விஷயம் தெரிந்ததும், "அவகிட்ட சொல்லிடு. கடிச்சா திங்கப் போறா?" என்றேன்.

"சொன்னா மறுபடி விதை போடுவா. மறுபடி ரெண்டு வருஷம். அதோட, என்னை நம்பி ஒரு பாத்தியைக்கூட விட முடியாதுன்னு ஆயிடும்." தொப்பியைக் கையில் திருப்பினான். "உங்க காட்டுத் துண்டுல, ஓடைச் சரிவுல, இதே மாதிரி செடி நெறைய நிக்குமே. சின்ன வயசுல பாத்திருக்கேன்."

"அது காட்டு வெள்ளிக்காரிடா. இதுக்கு அக்கா முறை. ஒண்ணு மாதிரி இருக்கும், ஒண்ணு இல்ல."

"இலை?"

"இலை அதே மாதிரிதான்."

"அப்ப போதும். மண்வெட்டி குடு."

கொடுத்தேன். தள்ளுவண்டியையும் கொடுத்தேன். சாட்சி கேட்டால் மறுக்க மாட்டேன். வீட்டு வெள்ளிக்காரிக்கு முள்ளங்கி மாதிரி நேரான வேர், பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கும். காட்டுக்காரி அப்படியில்லை. வருஷா வருஷம் அதே கிழங்கிலிருந்து துளிர்க்கிறவள், மண்ணோடு பெயர்த்து வைத்தால் கோபிக்க மாட்டாள். ஒரே நாளில் பதினேழையும் கொண்டு வந்து, ஒரு சாண் இடைவெளியில், நூல் பிடித்து நட்டான். நூல் என்னுடையதுதான்.

"அவகிட்ட மூச்சு விடக்கூடாது," என்றான்.

"நான் ஏன் சொல்றேன்?"

நெவென்கா வந்தாள். பாத்தியைப் பார்த்தாள். "பரவாயில்லையே, நல்லா தேறியிருக்கு" என்றாள். லோவ்ரோ அன்றைக்கு மதுக்கடையில் எல்லாருக்கும் வைன் வாங்கிக் கொடுத்தானாம். காரணம் கேட்டதற்குச் சொல்லவில்லையாம்.

மே கடைசியில் பூத்தது. ஒரு சாயங்காலம் நெவென்கா கிழிந்த மேஜைத்துணி ஒன்றைத் தைக்க எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். துணியை நீட்டாமல் ஜன்னலோரம் நின்று தன் தோட்டத்தையே பார்த்தாள்.

"தோன்கா, வெள்ளிக்காரிக்கு வாசம் உண்டாடி?"

ஊசி என் விரலில் குத்திவிட்டது.

"ஏன் கேக்கற?"

"எங்கிட்ட இருந்த வெள்ளிக்காரி எதுக்கும் வாசம் கெடையாது. இதுங்க சாயங்காலம் ஆனா சென்ட் போட்டுக்கிட்டு நிக்குதுங்க. பூவும் வெளுத்த ஊதா. பிளம் மரத்தடியில ஒண்ணே ஒண்ணு மட்டும் நல்ல கருஞ்சிவப்பு ஊதாவா பூத்து, யாரு நீங்கல்லாம்னு முழிக்குது."

நான் விரலைச் சப்பிக்கொண்டேன்.

"காட்டுலருந்து கொண்டாந்திருக்கான்," என்றாள். அவள் 'ன்' போட்டுச் சொன்னதை நான் கவனித்தேன். "என்ன ஆச்சுன்னு தெரியல. கொட்டகைக் கூரையில தகரம் ரெண்டு எடத்துல நசுங்கியிருக்கு. ஏதோ ரிப்பேர் பண்ணியிருக்கான்."

"கேட்டுடறதுதானே?"

"கேக்க மாட்டேன். நீயும் எனக்குத் தெரியும்னு அவங்கிட்ட சொல்லக்கூடாது."

"எதுக்குடி அந்த மனுஷனை இப்படி இழுத்தடிக்கற? வேணாம்னா வேணாம்னு சொல்லிடலாமே."

நெவென்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாத்தே என்னைப் பாத்த மூணாவது வாரம் கட்டிக்கிட்டாரு. கப்பல் கெளம்பற தேதி முடிவாயிருந்துச்சு. அதுக்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் நான்தான் காத்திருந்தேன். கப்பல் எப்ப வரும், கடுதாசி எப்ப வரும்னு. நல்ல மனுஷன்தான், குறை சொல்லல. ஆனா எனக்காக யாரும் காத்திருந்தது கெடையாதுடி. இப்ப ஒருத்தன் மழை பெஞ்ச மறுநாளும் தண்ணி ஊத்த வர்றான். பாக்க நல்லா இருக்கு. கொஞ்ச நாள் பாத்துக்கறேனே."

நான் மேஜைத்துணியை வாங்கி மிஷினில் போட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு பேருடைய ரகசியமும் என் வயிற்றில். அந்தக் கோடையில் நான் இரண்டு கிலோ இளைத்தேன். லோவ்ரோ வந்து, "சந்தேகப்படறாளா?" என்பான். நெவென்கா வந்து, "ஏதாச்சும் உளறினானா?" என்பாள். இரண்டு பேருக்கும் "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிச் சொல்லி, வழியில் எதிர்ப்பட்ட தபால்காரர் மணி என்ன என்று கேட்டபோதுகூட அதையே சொன்னேன்.

நெவென்கா அவனைச் சும்மா விடவில்லை.

"லோவ்ரோ, செடிக்கு என்ன ஊத்தறீங்க? ஷேவிங் பண்ணிட்டுத் தடவுற தண்ணியா? தோட்டமே மணக்குது."

"மண்ணு நல்ல மண்ணு," என்பான், காது சிவக்க.

ஜூலையில் காய்கள் தொங்கின. வீட்டு வெள்ளிக்காரியின் காய் வட்டமாக இருக்கும். காட்டுக்காரியினுடையது நீளம், இரண்டு முனையும் கூர். பதினேழு செடியிலும் சின்னச் சின்ன மீன்களாகத் தொங்கின.

"இதெல்லாம் ஏன் இப்படி நீட்டிக்கிட்டு இருக்கு?" என்றாள் நெவென்கா.

லோவ்ரோ ரொம்ப நேரம் பார்த்தான். "காத்து," என்றான். "ஏரிக்காத்து ஒரே பக்கமா அடிச்சா இப்படி ஆகும்."

"ஓ. அந்த மூலையில காத்து அடிக்கலயோ?"

"பிளம் மரம் மறைக்குதே."

அவள் சிரிக்காமல் தலையாட்டினாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் சிரித்தாள் என்பது எனக்குக் கேட்டது.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு காய் உரிக்க நாள் குறித்தாள். என்னையும் கூப்பிட்டாள். பிளம் மரத்தடியில் மேஜை போட்டு, ஆப்பிள் வைத்துச் சுருட்டிச் சுட்ட பலகாரமும் காப்பியும் வைத்திருந்தாள். காய்ந்த தண்டுகளை அறுத்து மேஜையில் குவித்திருந்தாள். நான் ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன். அழுக்குப் பழுப்புத் தோல் இரண்டு பக்கமும் கழன்று, விதைகள் தட்டில் விழுந்தன. நடுவில் நீளமாக ஒரு வெள்ளித் தாள் மினுக்கியது.

லோவ்ரோ ஒன்றையும் தொடவில்லை. பழுப்புக் கோட்டோடு, முழங்கால்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பலகாரத்தையும் தொடவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

"நெவென்கா, உரிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்," என்றான். "இது உங்க செடி இல்ல. உங்க செடியை நான் கொன்னுட்டேன். கூரைப்பனியைத் தள்ளினேன், எல்லாம் அழுகிப் போச்சு. இது காட்டுலருந்து நான் கொண்டாந்து வெச்சது. அஞ்சு மாசமா பொய் சொல்லிட்டேன். காத்துன்னு சொன்னதும் பொய்."

நெவென்கா ஒரு காயை எடுத்து நிதானமாக உரித்தாள்.

"காத்துக் கதையை நான் நம்பிட்டேன்னு நெனச்சீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மே மாசத்துலருந்து தெரியும்," என்றாள்.

"மே மாசத்துலருந்தா?" மெதுவாக அவன் தலை என் பக்கம் திரும்பியது. "தோன்கா, அவங்களுக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"இரு," என்றாள் நெவென்கா, அவளும் திரும்பி. "காட்டுலருந்து கொண்டாந்தது, நான் சொல்றதுக்கு முன்னாலயே உனக்குத் தெரியுமா?"

நான் காய் உரிப்பதில் மும்முரமாக இருந்தேன். அந்த ஒரு காயை அன்றைக்கு உரித்த அளவுக்கு யாரும் எந்தக் காயையும் உரித்திருக்க முடியாது.

"மண்வெட்டி அவளுதுதான்," என்றான் லோவ்ரோ.

"அப்படியா. எனக்கென்ன தெரியும், எனக்கென்ன தெரியும்னு மூணு மாசமா சொன்னா."

"எங்கிட்டயும் அதேதான்."

இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அவர்கள் முதல் முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அப்போதுதான். அதற்குக் காரணம் நான் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

லோவ்ரோ கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இது உங்க ஜாதி விதை. பிளம் மரத்தடிச் செடியிலருந்து, நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தப்போ ரெண்டு காய் எடுத்தேன். அதையும் சொல்லிடறேன். இப்ப மறுபடியும் விதைப்போம். இந்தத் தடவை கூரையைத் தொட மாட்டேன். ரெண்டு வருஷம் ஆனா ஆகட்டும். நான் எங்க போகப் போறேன்? வந்து தண்ணி ஊத்தறேன்."

நெவென்கா பொட்டலத்தைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கேலியெல்லாம் எங்கோ போயிருந்தது. மடியில் கிடந்த தோல் துகள்களைத் தட்டிவிட்டாள், தட்டியதையே மறுபடி தட்டினாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள். "எனக்கு இப்பவே அம்பத்தொம்போது. இன்னும் ரெண்டு வருஷம் என்னால காத்திருக்க முடியாது."

லோவ்ரோ தலையைக் குனிந்துகொண்டான். "புரியுது," என்றான். "உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்." எழுந்து தொப்பியைத் தேடினான்.

கணக்கை எப்போதும் கடைசியாகத்தான் போடுவான் என்று சொன்னேனே.

"டேய், உக்காருடா," என்றேன். "அவ சரிங்கறா."

அவன் நின்றபடியே நெவென்காவைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காந்து பலகாரத்தைச் சாப்பிடு. ஆறிடுச்சு," என்றாள். உட்கார்ந்தான். நான்கு துண்டு சாப்பிட்டான்.

அக்டோபரில், நகராட்சி அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. நெவென்காவின் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். சாட்சிக் கையெழுத்து இரண்டு பக்கத்துக்கும் நானே போடுவதாகச் சொன்னேன், சட்டத்தில் இடமில்லையாம். நெவென்காவின் பக்கம் மட்டும் போட்டேன். மதுக்கடைக்காரர் லோவ்ரோ பக்கம் போட்டுவிட்டு, "ரெண்டு வருஷமா இந்த ஆளை வெச்சுத்தான் எங்க கடையில சிரிப்பு, இனிமே என்ன பண்றது?" என்று வருத்தப்பட்டார்.

மறுநாள் இரண்டு பேரும் ஒபாத்தியாவுக்குக் கடல் பார்க்கப் போனார்கள். மூன்று நாளும் மழை. கடலைப் பார்த்தது ஓட்டல் ஜன்னல் வழியாகத்தான். திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் ஜலதோஷம்.

நான் கோழி சூப் வைத்துக்கொண்டு போனேன். நெவென்கா படுக்கையில் சாய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"இவன்தான் குடை வேணாம்னான். இவன்கிட்டருந்துதான் எனக்கு ஒட்டுச்சு."

அடுப்பங்கரையிலிருந்து தும்மல் சத்தம் கேட்டது. பின்னாலேயே லோவ்ரோவின் குரல்.

"அவ பஸ்லயே தும்ம ஆரம்பிச்சுட்டா, தோன்கா. போறப்பவே."

"பஸ்ல தும்மினது முன் சீட்டுக்காரி."

"முன் சீட்டுல டிரைவர்தான் இருந்தான்," என்று லோவ்ரோ கதவோரம் வந்து நின்றான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சூப்புப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.